சின்ன இரைப்பைக்கு ஒரு பத்தியம்

பிள்ளை பெற்றவளுக்கு என்ன பத்தியம் என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அம்மை போட்டவர்களுக்கு, காமாலை வந்தவர்களுக்கு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் ஒரு பத்தியம் இருக்கிறது. ஆனால் உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையையே சின்னதாக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? எந்தப் பாட்டிக்கும் தெரியாது. பாட்டி காலத்தில் இந்த ஆபரேஷனே நம் பக்கம் கிடையாதே!

இன்று அப்படியில்லை. சென்னை, கோவை போன்ற ஊர்களில் இது அன்றாடம் நடக்கிற ஆபரேஷன் ஆகிவிட்டது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனவர்கள், முழங்கால் தாங்காதவர்கள், படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள் என்று பலரும் செய்துகொள்கிறார்கள். அவர்களில் நம்மைப் போன்ற குடும்பப் பெண்கள் நிறையப் பேர். வீட்டுக்கு வந்த சில நாளில் முக்கால்வாசிப் பேர் சொல்லும் குறை ஒன்றுதான். "சாப்பிட்டா குமட்டுது. வாந்தி வந்துடுது."

அதற்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான். "வயித்தைச் சின்னதாக்கினா வாந்தி வரத்தானே செய்யும்? அதனாலதானே இளைக்கிறாங்க!"

இந்தப் பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது. சகோதரிகளே, அது சரியான பேச்சு அல்ல. இளைப்பது, கொஞ்சமாகச் சாப்பிட்டே பசி அடங்குவதால். வாந்தியால் அல்ல. எப்போதாவது ஒரு தடவை வந்தால் சாப்பிட்ட விதத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அதைச் சமையலறையிலேயே சரி செய்யலாம். நாள்தோறும் வந்தால் உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம். அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும். இரண்டையும் பிரித்தறிய வீட்டில் பரிமாறுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. குரோம்பேட்டையில் குடித்தனம் நடத்துகிற ஓர் இல்லத்தரசி. 2023 ஜூலையில் என் நாத்தனார் சென்னையில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டு, மூன்று மாதம் எங்கள் வீட்டில் தங்கினாள். அவள் ஊர் திருவண்ணாமலை. அங்கிருந்து அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வந்து போவது முடியாத காரியம். வயது முப்பத்தெட்டு, இரண்டு குழந்தைகள், ஐந்தடி இரண்டங்குல உயரத்துக்கு 118 கிலோ எடை, போதாதற்குச் சர்க்கரை. அந்த மூன்று மாதமும் அவளுக்குச் சமைத்ததில் நான் தெரிந்துகொண்டதையும், ஆஸ்பத்திரியில் கேட்டுக் கேட்டுத் தெளிந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன மாறுகிறது?

இந்த ஆபரேஷனில் இரண்டு வகை அதிகம் நடக்கிறது. ஒன்று 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் போன்ற குழாயை மட்டும் விடுகிறார்கள். இன்னொன்று 'பைபாஸ்'. இரைப்பையின் மேல் பகுதியில் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் 1966-ல் தொடங்கி வைத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. அன்று வயிற்றை நீளமாகக் கிழித்துச் செய்தார்கள். இன்று நாலைந்து சின்னத் துளைகள் போதும். என் நாத்தனாருக்கு நடந்தது பைபாஸ்.

அந்தப் புதுப் பை முதலில் 30 மில்லி அளவுதான் கொள்ளும். இருமல் மருந்து பாட்டிலின் மேல் கவிழ்த்திருக்கும் மூடியில் 10 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூடி; அவ்வளவுதான் அவள் வயிறு! ஒரு லிட்டருக்கு மேல் விரிந்து கொடுத்த வயிற்றோடு பழகிய கையும் வாயும் இதை எப்படிச் சட்டென்று கற்றுக்கொள்ளும்? தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டியது

முதல் இரண்டு நாள் வருகிற குமட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அது மயக்க மருந்தும் வலி மருந்தும் செய்கிற வேலை. யாருக்கு அது அதிகம் வரும் என்று முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம். கிறிஸ்டியன் ஆப்ஃபெல் என்ற மயக்க மருந்து நிபுணரும் அவருடைய சகாக்களும் 1999-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இன்றும் ஆஸ்பத்திரிகளில் அதைப் பார்க்கிறார்கள். நான்கு கேள்விகள். பெண்ணா? புகை பிடிக்காதவரா? பிரயாணத்திலோ, முன்பு நடந்த ஆபரேஷனிலோ வாந்தி வந்ததுண்டா? ஆபரேஷனுக்குப் பிறகு மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுமா? நான்குக்கும் 'இல்லை' என்றால் பத்தில் ஒருவருக்குத்தான் குமட்டலோ வாந்தியோ வரும். நான்குக்கும் 'ஆம்' என்றால் பத்தில் எட்டுப் பேருக்கு! புகை பிடிக்காததற்கு இப்படி ஒரு தண்டனையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பெண்களில் பெரும்பாலானோர் முதல் இரண்டு கேள்வியிலேயே இரண்டு மார்க் வாங்கிவிடுகிறோம், பாருங்கள்.

என் நாத்தனார் பஸ் ஏறினால் செஞ்சி தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிற ஆசாமி. சின்னவன் பிறந்தபோது சிசேரியன் முடிந்து ஒரு நாள் முழுக்க வாந்தி. இரண்டையும் டாக்டரிடம் சொல் என்றேன். "பஸ்ல வாந்தி வர்றதெல்லாம் ஒரு வியாதியா அண்ணி? அதைப் போய் சொல்லிக்கிட்டு..." என்று கூச்சப்பட்டாள். சொல்ல வைத்தேன். மயக்க மருந்து டாக்டர் அதைக் குறித்துக்கொண்டு, வாந்தியைத் தடுக்கும் மருந்துகளில் ஒன்றுக்கு மூன்றாக ஆபரேஷன் மேஜையிலேயே கொடுத்தார்; மார்ஃபின் வகை மருந்தையும் முடிந்த மட்டும் குறைத்துக்கொண்டார். வந்த பிறகு நிறுத்துவதைவிட வராமல் தடுப்பது சுலபமாம். கண் விழித்தபோது தலை சுற்றியது, குமட்டியது; வாந்தி வரவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். உள்ளங்கைப் பக்கமாக மணிக்கட்டு ரேகைக்கு மேலே மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு நரம்புக் கயிறு போல் தெரிகிற இடத்தின் நடுவே கட்டை விரலால் சற்று அழுத்திக் கொடுத்தால் குமட்டல் தணிகிறது. பாட்டி வைத்தியம் என்று நினைத்தேன். ஆராய்ச்சிகளிலும் பலன் தெரிந்த முறையாம். செலவில்லாத காரியம், செய்து பார்ப்பதில் நஷ்டம் என்ன?

அண்ணாந்து குடிக்காதே!

முதல் இரண்டு வாரம் திரவ ஆகாரம். அதற்குப் பிறகு மசித்தது, பிறகு குழைந்தது, ஒன்றரை இரண்டு மாதத்தில் சாதாரணச் சாப்பாடு. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் முன்னே பின்னே வைத்திருக்கும். அவரவர் டாக்டர் எழுதிக் கொடுத்த தாள்தான் சட்டம். "ரெண்டு நாள் முன்னாடி இட்லி கொடுத்தா என்ன?" என்று அதில் நாம் கை வைக்கக் கூடாது. உள்ளே போட்ட தையல் ஆறுவதற்கான கணக்கு அது.

திரவம் என்றால் லேசு என்று நினைத்தோம். அதுதான் கஷ்டம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும் என்றார்கள். விழித்திருக்கிற நேரம் பதினைந்து மணி என்று வைத்தால் மணிக்கு 100 மில்லி. கால் மணிக்கு 25 மில்லி. மருந்து மூடியில் இரண்டரை மூடி! அதையும் ஒரே மூச்சில் அல்ல, மிடறு மிடறாக. தாகம் என்று ஒரு டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டால் அது அப்படியே திரும்பி வரும்; வாந்தி வருகிறதே என்று பயந்து குடிக்காமல் இருந்தால் உடம்பில் நீர் வற்றும்; நீர் வற்றினால் அதனாலேயே குமட்டும். இந்த வட்டத்தில் மாட்டிக்கொண்டுதான் பலரும் முதல் மாதத்திலேயே மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப் ஏற்றிக்கொள்கிறார்கள்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தடை உண்டு. அண்ணாந்து குடிக்கிற பழக்கம். உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டால் தண்ணீரோடு காற்றும் போகிறது. 'மடக் மடக்' என்று பெரிய மிடறாகத்தான் விழுங்க முடிகிறது. சின்னப் பைக்கு அது ஆகாது. வாய் வைத்துச் சப்பித்தான் குடிக்க வேண்டும். என் மாமியாருக்கு எச்சில் விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. ஆனாலும் மகளுக்காக அவரே குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிப் பாலாடையைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "இது உனக்கு மட்டும். வாய் வெச்சுக் குடி. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். முப்பத்தெட்டு வயசுக்காரி பாலாடையில் குடித்தாள்! வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் அளவு தப்பவே இல்லை.

வெறும் தண்ணீர் நாக்குக்கு உலோகம் போலக் கசக்கிறது என்றாள். இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு வாய் ருசியும் மூக்கும் சில காலம் மாறிப் போவது உண்டு. சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய நீர், நீர்த்த மோரை வடிகட்டி ஒரு சிட்டிகை உப்பு, பருப்பு வேக வைத்த தண்ணீரின் தெளிவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீரும் ஒத்துக்கொண்டது. தேனோ வெல்லமோ சேர்க்கவில்லை, அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன்.

வயிறு மந்தம் என்றால் கோலி சோடா வாங்கிக் கொடுப்பது நம் வழக்கம் இல்லையா? இவர்களுக்கு அது அறவே வேண்டாம். கேஸ் உள்ளே போய் அந்தச் சின்னப் பையை உப்ப வைத்து, வலியும் குமட்டலும் கூடும்.

அடுப்படியில் செய்த மாற்றங்கள்

குமட்டல் வாயில் ஆரம்பிப்பதில்லை, மூக்கில் ஆரம்பிக்கிறது. அவள் வந்த மூன்றாம் நாள் வற்றல் குழம்புக்குத் தாளித்தேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். மசக்கைக்காரி மாதிரிதான். அன்றிலிருந்து எங்கள் தாளிப்பு, வறுவல் எல்லாம் அவள் மாடியில் நடக்கப் போகும் நேரத்துக்கு மாற்றப்பட்டது. அவளுக்கு எதையும் ஆவி பறக்கக் கொடுக்கவில்லை. ஆறி வெதுவெதுப்பானால் மணம் அடங்கிவிடுகிறது. புரதப் பவுடரைக் கொதிக்கிற பாலில் போட்டால் திரிதிரியாகக் கட்டி, வாசனையும் தூக்கும். ஆறிய பாலில் கலக்க வேண்டும்.

புரதம் நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்பது ஆஸ்பத்திரிக் கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் முதல் நாலு கரண்டியில் புரதம் போக வேண்டும், சாதம் கடைசியில்தான். இது நம் சாப்பாட்டு முறையையே தலைகீழாக்குகிற காரியம். கடைந்த பாசிப்பருப்பு, கெட்டித் தயிர், மசித்த பனீர், அரைவேக்காடாக இல்லாமல் மெத்தென்று வெந்த முட்டை, ஆவியில் வெந்து முள் நீக்கி உதிர்த்த மீன் என்று வாரம் ஒரு படியாக ஏறினோம். புதுப் பண்டம் ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எது என்று தெரிய வேண்டாமா?

எது சிக்கிக்கொள்கிறது என்பதுதான் நான் கற்ற பெரிய பாடம். காரமோ புளிப்போ அல்ல. பசை போல ஒட்டுவதும் நாராக நிற்பதும்தான் எதிரி. சப்பாத்தி, பரோட்டா, புது ரொட்டி இவையெல்லாம் வாயில் மென்றதும் மறுபடி மாவு உருண்டையாகிவிடுகின்றன. சாதமும் அப்படித்தான். உதிர் உதிராக வடித்த சாதம் ஒன்றோடொன்று சேர்ந்து அடைக்கிறது; குழைந்த சாதம் கொஞ்சம் பரவாயில்லை, அதுவும் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது. காய்ந்த கோழிக்கறி, முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு, கீரைத் தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் எல்லாம் மாதக்கணக்கில் ஒத்திவைக்க வேண்டியவை. இட்லி நல்லதுதானே என்று ஐந்தாவது வாரம் கொடுத்தேன். மிளகாய்ப்பொடி எண்ணெயோடு தொட்டதில் நெஞ்சில் நின்றது. அதையே மோரில் ஊற வைத்துப் பிசைந்து கொடுத்தபோது இறங்கியது.

ஐந்து நிமிஷச் சாப்பாடு

உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் கடைசியாக இருபது நிமிஷம் உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது? குழந்தையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, அது மிச்சம் வைத்த தட்டை வழித்து, நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு, தண்ணீரை ஊற்றிக் கீழே தள்ளுகிறவர்கள்தானே நாம்? என் நாத்தனாரும் அப்படி வளர்ந்தவள், அப்படியே குடும்பம் நடத்தியவள். ரசம் சாதத்தையும் மோர் சாதத்தையும் நாம் மெல்லுவதே இல்லை. பிசைகிற கையே மென்றுவிட்டதாக நினைப்பு. பெரிய வயிறு இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. சின்ன வயிறு ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை.

அதனால் அவளுக்குக் குழந்தைத் தட்டு, குழந்தை ஸ்பூன். ஒரு வாய் என்பது பட்டாணி அளவு. கூழாகிற வரை மெல்ல வேண்டும். விழுங்கி ஒரு நிமிஷம் கழித்துத்தான் அடுத்தது. மொத்தம் இருபது நிமிஷம், அதிகம் போனால் முப்பது. அரை மணிக்கு மேல் இழுத்தால் அதுவும் தவறாம்; தட்டை எடுத்துவிட வேண்டியதுதான். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. சாப்பிடுவதற்கு அரை மணி முன்பே குடித்து முடித்துவிட்டு, சாப்பிட்ட பிறகும் அரை மணி கழித்துத்தான் மறுபடி மிடறு. டி.வி. பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் கணக்கு தப்புகிறது. சாப்பிட்டவுடன் படுக்கவும் கூடாது.

போதும் என்று வயிறு எப்படிச் சொல்லும்? முன்பு போலப் 'பசி தீர்ந்தது' என்ற நிறைவு வராது. இவர்களுக்கு வேறு பாஷை. சிலருக்கு மூக்கில் நீர் வடியும், சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்குத் தும்மல், சிலருக்கு நெஞ்சுக்குழியில் ஒரு கனம். என் நாத்தனாருக்கு மூக்கு. நாலாவது வாய்க்கு மூக்கை உறிஞ்சினாள் என்றால் ஸ்பூனைக் கீழே வைக்க வேண்டும். வாயில் இருப்பதைத் துப்பிவிட்டாலும் சரி, இன்னொரு வாய் உள்ளே போகக் கூடாது. அதைத் தாண்டி ஒரே ஒரு ஸ்பூன் போனால் வாயெல்லாம் எச்சில் ஊறி, நுரை நுரையாக வெளியே வரும்.

சோற்றைத் துப்புவதா! எங்கள் வீட்டில் அதற்குத்தான் பெரிய போராட்டம். "ரெண்டே ரெண்டு ஸ்பூன் மிச்சம் இருக்கு. இதை வெச்சுட்டு எழுந்திருக்காதேடி, லட்சுமி" என்பார் மாமியார். அவள் தாய் மனசுக்காகச் சாப்பிடுவாள். பத்து நிமிஷத்தில் வாஷ்பேசினில் நிற்பாள். இரண்டு மூன்று முறை இப்படி ஆனது. ஒரு நாள் மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அத்தே, நீங்க தட்டைப் பார்க்காதீங்க. அவ மூக்கைப் பாருங்க" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவரே காவல்காரர். "மூக்கு வந்துடுச்சு, எழுந்திரு!" என்று தட்டைப் பிடுங்கிக்கொள்வார். பரிமாறும் அளவே மூன்று ஸ்பூன் என்று ஆன பிறகு மிச்சமும் விழவில்லை.

ஒரு முறை வாந்தி வந்துவிட்டால் பதற வேண்டாம். இரண்டு மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. பிறகு மிடறு மிடறாகத் தண்ணீர். அன்று முழுக்கத் திரவம். மறுநாள் ஒரு படி கீழிறங்கி மசித்த ஆகாரம். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகாத வாந்தி

ஆறாவது வாரம். முதலில் குழைந்த சாதம் நிற்கவில்லை. இரண்டு நாளில் பருப்பும் தயிரும் நிற்கவில்லை. அளவைக் குறைத்தோம், வேகத்தைக் குறைத்தோம், மறுபடி திரவத்துக்கு வந்தோம். கஞ்சி வந்தது. மோர் வந்தது. எடை மெஷின் மட்டும் ஒரே வாரத்தில் நாலரைக் கிலோ குறைவு என்று காட்டியது. ஊரிலிருந்து போன் செய்தவர்கள் எல்லாம், "பரவாயில்லையே, ஆபரேஷன் நல்லா வேலை செய்யுது!" என்றார்கள். அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம். "விடுங்க அண்ணி, குறையுதில்ல? கொஞ்சம் பொறுத்துக்கறேன்" என்றாள்.

கெட்டியானது முதலில், நீர்த்தது பிறகு என்று படிப்படியாக வழி அடைபடுவது போல எனக்குப் பட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தேன். டயட்டீஷியன் அம்மா கேட்ட கேள்விகள் என்னைத் திகைக்க வைத்தன. எத்தனை நாளா? தண்ணீர் நிக்குதா? சிறுநீர் என்ன நிறம்? நடக்கும்போது தள்ளாடுதா? எதிர்ல இருக்கறது ரெண்டு ரெண்டா தெரியுதா? பேச்சுல தடுமாற்றம் உண்டா? வயிற்றைப் பற்றிப் பேசினால் இவர் கண்ணைப் பற்றிக் கேட்கிறாரே! கண்ணுக்கும் நடைக்கும் ஒன்றுமில்லை என்றேன். "ரொம்ப நல்லது. வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

காரணம் பிறகு புரிந்தது. பி1 என்கிற தயாமின் சத்தை நம் உடம்பு சேமித்து வைப்பதில்லை. கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். விடாமல் வாந்தி எடுத்தால் அது தீர்ந்து போய், மூளையே பாதிக்கப்படும். முதலில் கண் இரட்டையாகத் தெரியும், நடை தடுமாறும், ஆள் குழம்பிப் பேசுவார். அந்தக் கட்டத்தில் உடனே கவனிக்காவிட்டால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போய்விடலாம். 1881-ல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய டாக்டர் இந்த நோயை முதலில் விவரித்தார். அவர் பார்த்த மூன்று பேரில் ஒருத்தி துணி தைத்துப் பிழைத்த இருபது வயதுப் பெண். கந்தக அமிலத்தைக் குடித்ததால் அவள் இரைப்பையின் வாசல் சுருங்கி, ஓயாத வாந்தி. அவள் பிழைக்கவில்லை. பி1 என்று ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. இன்று தெரியும். ஊசியும் இருக்கிறது. விலையும் அதிகமில்லை.

இந்தச் சத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. தீட்டிய அரிசியையே தின்பவர்களுக்கு வரும் பெரிபெரி நோயை ஆராய 1918-ல் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நெல்லை அவிக்கும்போது உமியோரத்துச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால்தான் புழுங்கல் அரிசி சாப்பிடுகிறவர்களை அந்த நோய் அதிகம் அண்டவில்லை. ஆனால் இரண்டு ஸ்பூன் சாதம் சாப்பிடுகிறவளுக்குப் புழுங்கல் அரிசி என்ன செய்யும்? மாத்திரைதான் கதி. அதுவும் வாந்தியில் போய்விட்டால் ஊசிதான்.

ஆஸ்பத்திரியில் முதல் காரியமாக பி1 ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் டிரிப். குளுக்கோஸ் முதலில் போனால் மிச்சம் மீதி இருக்கிற பி1-ஐயும் அது செலவழித்துவிடுமாம். வாந்தி என்றதும் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம் அல்லவா? இந்த ஆபரேஷன் ஆனவர்கள், "எனக்கு இன்ன ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பி1 கொடுத்துவிட்டு ஏற்றுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மறுநாள் எண்டாஸ்கோபி. இரைப்பைப் பையும் குடலும் சேர்கிற இடத்தில் தழும்பு இறுகி, வழி பென்சில் முனை போல ஆகியிருந்தது. சிலருக்கு இப்படி ஆவதுண்டு. யாருடைய தப்பும் இல்லை. ஒரு சின்னப் பலூனை உள்ளே விட்டு விரித்தார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. அவ்வளவுதான். அன்று மாலையே மோர் நின்றது.

இன்னும் சில சங்கதிகள்

தேனும் வெல்லமும் ஏன் வேண்டாம் என்றேன்? பைபாஸ் ஆனவர்களுக்கு இனிப்பு நேராகக் குடலில் கொட்டுகிறது. பத்து நிமிஷம் முதல் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, குமட்டல், வயிற்றுப்போக்கு. டாக்டர்கள் 'டம்ப்பிங்' என்கிறார்கள். நவராத்திரியில் ஒரு கரண்டி பாயசத்தில் அவளுக்கு அது தெரிந்துவிட்டது. அப்புறம் கேட்கவே இல்லை.

இரும்புச் சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் யாருக்கும் குமட்டும். கால்சியத்தையும் அதையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுத்தேன். மூட்டு வலி, பல் வலி என்று மருந்துக் கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரைகள் புதுத் தையலில் புண்ணாக்கும். டாக்டரைக் கேட்காமல் கூடாது. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரலாம். வலது விலாவுக்குக் கீழே வலியோடு வாந்தி என்றால் அதையும் பார்க்க வேண்டும். காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்தாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ காத்திருக்க நேரமில்லை. பைபாஸ் ஆனவர்களுக்கு ஆண்டுகள் கழித்தும் திடீரென்று வயிற்றைப் பிசைகிற கடும் வலி வந்தால் குடல் சிக்கியிருக்கலாம்; அது ராத்திரி என்றாலும் உடனே கிளம்ப வேண்டிய விஷயம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறையக் குறைய, வருஷக்கணக்காகத் தள்ளிப் போன மாதவிலக்கு ஒழுங்காகும், கருத்தரிப்பும் சுலபமாகும். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை கர்ப்பம் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் பைபாஸ் ஆனவர்களுக்குக் கருத்தடை மாத்திரை உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். வாந்தி வேறு எடுத்தால் சொல்லவே வேண்டாம். வேறு முறையை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து மாதம் நன்றாக இருந்தவளுக்குக் காலையில் குமட்டுகிறது என்றால், சாப்பாட்டைச் சந்தேகிப்பதோடு நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். கர்ப்பம்தான் என்றால் வாந்திக்குச் சீக்கிரமே சிகிச்சையும் பி1-உம் வேண்டும்.

என் நாத்தனார் இப்போது ஊரில் சுகமாக இருக்கிறாள். அவள் மணிபர்ஸில் ஒரு சின்ன அட்டை இருக்கிறது, என் கையெழுத்து. ஆபரேஷன் பெயர், தேதி, சர்ஜனின் நம்பர். அதற்குக் கீழே: 'வாந்தி என்று வந்தால் குளுக்கோஸுக்கு முன் பி1 ஊசி. டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம்.' மறுபக்கம் இங்கிலீஷில், பெரிய பெண்ணின் அழகான எழுத்தில், அதே விவரம்.